பயோடேட்டாவின் கடைசி வரி

கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, ஆதார் நகல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புராஜெக்ட், சீர் பத்திரிகை என்று எது வந்தாலும் அடித்துக் கொடுக்கிற கடை. ஆனால் கம்ப்யூட்டரில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது கல்யாண பயோடேட்டாதான். அந்த ஃபோல்டருக்குள் சாதிக்கொரு ஃபோல்டர். "நம்மாளுங்கள்ல பொண்ணு ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுகிறவர்களுக்குத் தேடிக் கொடுக்க அதுதான் சுலபம். நான் தரகர் இல்லை, கமிஷனும் கிடையாது. இருந்தாலும் ஒரு பக்கத் தாளில் ஓர் ஆளின் மதிப்பு எப்படி எழுதப்படுகிறது, எந்தக் காலத்தில் எது மேலே ஏறியது, எது கீழே இறங்கியது என்பதெல்லாம் என் விரல் வழியாகப் போனதுதான்.

கொஞ்ச காலமாக ஒரே பேச்சை எல்லார் வாயிலும் கேட்கிறேன். பையனைப் பெற்றவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள். "பொண்ணுங்களுக்கு இப்ப மார்க்கெட்டு எகிறிப் போச்சுங்க. நம்ம பையனைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க." பின்னால் நிற்கும் பையன் அதையே செல்போனில் கற்றுக்கொண்ட வேறு பாஷையில் சொல்வான்: ஹை வேல்யூ, லோ வேல்யூ, ஆல்ஃபா. அப்பாவுக்கு ஏக்கர், மகனுக்கு மார்க். இந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவே மாட்டேன் என்கிறது. சுத்தப் பொய் என்று தள்ளிவிட முடியாது, பெண் வீட்டார் சொல்லும் நிபந்தனைகளைத் தட்டச்சு செய்கிறவளே நான்தான். ஆனால் ஒரு பெண் ஓர் ஆணை விரும்புவதும் விரும்பாமல் போவதும் இந்தத் தாளில் இருக்கிறது என்று மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மாடு கிடையாது

நான் கடை போட்ட புதிதில் ஜாதகக் கட்டத்துக்கு அடுத்த வரி சொத்து விவரம். "6 ஏக்கர் தோட்டம், வாய்க்கால் பாசனம்" என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்வார்கள். இங்கே வாய்க்கால் என்றால் தடப்பள்ளி, இல்லாவிட்டால் அரக்கன்கோட்டை. அந்தத் தண்ணீர் பாயும் ஒரு ஏக்கருக்கு எதிரே மேட்டுக்காட்டு மானாவாரி பத்து ஏக்கர் நிற்காது. 2010-ல் மஞ்சள் விலை குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியபோது "மஞ்சள் விவசாயம்" என்று தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னவர்கள் உண்டு. அடுத்த வருஷமே விலை சரிந்தது, அந்த வரியும் போய்விட்டது. மாப்பிள்ளை அதே மாப்பிள்ளைதான்.

அப்புறம் மெல்ல மெல்லத் தாளின் வரிசை மாறியது. "கோவையில் 5 சென்ட் சைட்" மேலே வந்தது. தோட்டம் இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளிப் போனது. "தோட்டம் ஆள் விட்டுப் பார்க்கப்படுகிறது" என்று ஒரு புது வாசகம் முளைத்தது. பெண்ணை மண்வெட்டி தொட விடமாட்டோம் என்பதற்கான உறுதிமொழி அது. ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "மாடு கிடையாதுன்னு போட்டுருங்" என்றார். கட்டுத்தரை நிறைய மாடு நின்றால் பெருமை பேசிய ஊரில், மாடு இல்லாததை விளம்பரம் பண்ண வேண்டியிருக்கிறது.

இதற்குப் பெண்களின் திமிரைக் காரணம் சொல்கிறார்கள். பெண் வீட்டுத் தாளை நான் அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து "விவசாயம் வேண்டாம்னு போடுங்க" என்று சொல்வது அநேகமாகப் பெண் இல்லை, பெண்ணின் அம்மா. அவரே தோட்டத்துக்கு வாக்கப்பட்டவர். விடிகாலை நாலரைக்குப் பால் கறந்து சொசைட்டிக்குக் கொடுத்து, கட்டுத்தரை கூட்டி, ராத்திரி கரண்ட் வரும்போது மோட்டார் போட எழுந்து, அத்தனை வருஷப் பாடுக்குப் பிறகும் நூறு ரூபாய்க்கு மாமியாரையோ புருஷனையோ கேட்டு நின்றவர். சிட்டாவில் அவர் பேர் கிடையாது. அந்த ஒரு வரியை அவர் சொல்லும்போது குரலில் ஆசையின் சாயல் துளியும் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பார்க்கவும் மாட்டார். தோட்டத்துப் பையனின் மார்க்கெட் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், அந்த மார்க் போட்டது யார் என்று தங்கள் வீட்டு அடுப்படியில் விசாரித்தால் நல்லது.

தாளில் இடமில்லாத மூன்று

டேவிட் பஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1989-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. 33 நாடுகள், 37 குழுக்கள், பத்தாயிரத்துச் சொச்சம் பேர். பெண்கள் துணையின் சம்பாத்தியத்துக்கும், ஆண்கள் இளமைக்கும் அழகுக்கும் கூடுதல் எடை கொடுத்தார்கள் என்பது அதன் முடிவு. செல்போன் பிரசங்கிகள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில், பணத்துக்கும் அழகுக்கும் மேலே, ஆண் பெண் இரு பாலாரும் வைத்தது அன்பையும் புரிந்துகொள்ளும் குணத்தையும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. சொன்னால் வியாபாரம் ஆகாது.

நம்மாட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டியவை என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பத்துச் சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. களவியலில் இன்னொரு சூத்திரம், ஒத்த இருவர் கண்டு காதல் கொள்வதைச் சொல்லிவிட்டு, "மிக்கோன் ஆயினும் கடிவரை இன்றே" என்று முடிகிறது. அவன் ஒருபடி உயர்ந்தவனாக இருந்தாலும் தடையில்லை. அவள் உயர்ந்தவளாக இருந்தால் என்ன என்ற பேச்சே இல்லை. இன்றைக்கும் பி.ஈ. படித்த பெண்ணுக்கு டிப்ளமோ மாப்பிள்ளையின் தாளை நீட்டினால் அதே மௌனம்தான். அது கிடக்கட்டும். பத்தில் பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, திரு ஆகிய ஐந்துக்கும் என் தாளில் கட்டம் இருக்கிறது. கூட்டம் என்கிற குலப்பிரிவு, குலதெய்வம், வயது, நிறம், சொத்து. நிறை, அருள், உணர்வு என்ற மூன்றையும் எந்த வரியில் அடிப்பது? "குணம்: நல்ல குணம்" என்று போடச் சொல்வார்கள். எல்லாத் தாளிலும் அதே குணம்தான்.

ஒரு தம்பி அடிக்கடி கடைக்கு வருவான். வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கர், வாழையும் நெல்லும். தன் பயோடேட்டாவைத் திருத்திக்கொண்டே இருப்பான். போட்டோவில் வெளிச்சம் கூட்டுவது, உயரத்தை ஒரு இஞ்சு ஏற்றுவது. ஒருநாள் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான்: "ஏனுங்க்கா, நானெல்லாம் பத்துக்கு எத்தனை தேறுவனுங்?" நான் பதில் சொல்வதற்குள் அவனே, "நாலு இருக்கும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது, அவன் மேல் இல்லை. இந்தப் பையன் பேச ஆரம்பித்தால் கடையில் நிற்கிற அத்தனை பேரும் வேலையை மறந்து சிரிப்பார்கள். அவன் அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த சமயம், சொட்டு மருந்து விடும் நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு, அடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பறப்பான். என்னிடம் வேலை பார்க்கும் பெண் அவனைப் பற்றி ஒருதடவை சொன்னாள்: "இவரைக் கட்டிக்கறவ குடுத்து வச்சவங்க்கா." அவள் பயோடேட்டாவும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, வேறு ஃபோல்டரில்.

முன்பின் தெரியாதவர்கள் மார்க் போடுவதற்கும் பழகியவர்கள் மார்க் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-ல் பால் ஈஸ்ட்விக், லூசி ஹன்ட் இருவரும் வெளியிட்டது அது. சிறிய கல்லூரி வகுப்புகளில் பருவத் தொடக்கத்தில் யார் ஈர்ப்பானவர் என்று ஒருவரையொருவர் மதிப்பிடச் சொன்னபோது, மாணவர்களின் தீர்ப்பு ஓரளவு ஒன்றுபோல இருந்தது. பருவம் முடியும்போது மறுபடி கேட்டார்கள். ஒற்றுமை குறைந்து போயிருந்தது. ஒருத்திக்குச் சுமாராகத் தெரிந்தவன் இன்னொருத்திக்கு விசேஷமானவனாகத் தெரிந்தான். மறு வருஷம் ஹன்ட், ஈஸ்ட்விக், ஃபிங்கெல் மூவரும் 167 ஜோடிகளைப் பார்த்தார்கள். அறிமுகமான சூட்டோடு சேர்ந்த ஜோடிகளில் இருவரின் அழகும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தது. நெடுநாள் பழகிப் பிறகு ஜோடியானவர்களிடம் அந்தப் பொருத்தம் கணிசமாகக் குறைந்திருந்தது. அதற்கும் முன்னால் 2008-ல் ஈஸ்ட்விக்கும் ஃபிங்கெலும் சில நிமிஷம் மட்டும் பேசிப் பார்க்கும் சந்திப்புகளை வைத்து ஆராய்ந்ததில், எனக்கு இப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்ததற்கும், நேரில் பார்த்தபோது பிடித்துப்போனதற்கும் சம்பந்தமே பெரிதாக இல்லை.

அமெரிக்க மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு கோபிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பத்துக்கு எத்தனை என்ற கேள்விக்கு ஒரே விடை இருப்பது, பார்க்கிற எல்லாரும் அந்நியராக இருக்கும் வரைக்கும்தான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அது உதவியது. நம் தோட்டத்துத் தம்பியை இதுவரை மதிப்பிட்ட பெண் வீட்டார் அத்தனை பேரும் அந்நியர்கள். காபி டம்ளர் காலியாகும் நேரத்துக்குமேல் எந்தப் பெண்ணும் அவனைப் பார்த்ததில்லை. அவனுக்கு நாலு மார்க் என்றால் அது அவன் மார்க் இல்லை, அந்தச் சந்திப்பின் மார்க்.

ஆறு மாசம் என்று ஒரு வரி

நம்பியூர்ப் பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பெண் பி.காம். படித்துத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அப்பா சொல்லச் சொல்ல அடித்தேன். எல்லாத் தாளிலும் கடைசி வரி "எதிர்பார்ப்பு". கோவையிலோ திருப்பூரிலோ சொந்த வீடு, தனிக்குடித்தனம், கார், விவசாயம் வேண்டாம். மனுஷன் ஒரு தயக்கமும் இல்லாமல் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். பெண் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கமாட்டாமல், "அம்மிணி, நீ ஏதாச்சும் சேக்கோணுமா?" என்றேன்.

அப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "மாப்பிள்ளை கூட ஆறு மாசம் பேசிப் பழகுன பின்னாடிதான் முடிவு சொல்லுவம்னு ஒரு வரி போடுங்க்கா."

அடித்துவிட்டேன். திரையில் அந்த வரி காருக்கும் விவசாயத்துக்கும் கீழே வந்து நின்றது. அப்பா சிரித்தார், கோபப்படவில்லை. "அதெல்லாம் எழுதக் கூடாது கண்ணு. படிக்கறவீங்க என்ன நெனைப்பாங்க?"

"கார் கேட்டா நெனைக்க மாட்டாங்களாங்கப்பா?"

"கார் கேட்டா வசதியான எடம்னு நெனைப்பாங்க. இதைக் கேட்டா வேற மாதிரி நெனைப்பாங்க."

அழித்தேன். ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுக்க அவர் வெளியே மிஷின் பக்கம் போனபோது, நான் மெதுவாக, "ஆறு மாசம் பழகிட்டுப் புடிக்கலீன்னா என்ன பண்ணுவே?" என்றேன். "வேண்டாம்னு சொல்லுவனுங்க்கா. இப்பவும் அதையேதானுங்க சொல்லிட்டிருக்கறேன், பத்து நிமிசத்துல" என்றாள்.

அதற்குப் பிறகு மார்க்கெட் எகிறிவிட்டது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அந்த அழித்த வரிதான் நினைவுக்கு வருகிறது. பெண் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பது உண்மை. ஏன் அரிதானாள் என்பதும் இங்கே யாருக்கும் தெரியாததில்லை. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசாங்கத்திடம் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகள். அந்தத் தலைமுறைப் பையன்கள்தான் இப்போது மாப்பிள்ளைகளாக என் ஸ்டூலுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஆக, பிறக்கவிடாமல் செய்தவர்களும் பிறந்ததைக் கொன்றவர்களும் உண்டாக்கிய பற்றாக்குறைக்கு, மிஞ்சிப் பிறந்த பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்கிறோம்.

பொருள் குறைந்தால் விலை ஏறும் என்பது சந்தைக் கணக்கு. விலை ஏறினால் பெண்ணுக்குச் சுதந்திரமும் ஏற வேண்டுமே? மார்சியா குட்டென்டாக், பால் செகார்டு என்ற இருவர் எழுதி 1983-ல் வெளிவந்த புத்தகம் இதைத்தான் சொன்னது. பெண்கள் குறைவாக இருக்கும் சமூகத்தில் அவர்களுக்கு மதிப்புக் கூடும். ஆனால் சொத்தும் சட்டமும் ஊர்க் கட்டுப்பாடும் ஆண்கள் கையில் இருந்தால், கூடிய மதிப்பு பெண்ணின் கைக்குப் போகாது. அவளைப் பத்திரமாகப் பூட்டி வைக்கவே பயன்படும். எங்கள் பக்கம் அப்படியே நடக்கிறது. கேட்டால் கார் கிடைக்கும், சொந்த வீடு கிடைக்கும், மாமியாரைத் தள்ளி வைப்பதற்குக்கூட இப்போது சம்மதிக்கிறார்கள். ஆறு மாசம் மட்டும் கிடைக்காது. அதுவும் அவள் பேரில் கேட்கப்படும் காரையும் வீட்டையும் பேரம் பேசுவது அவள் இல்லை, அப்பா. காலேஜ் பஸ்ஸில் ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம் சீட்டுப் போட்டு வளர்த்துவிட்டு, பையன்கள் பக்கம் போனாலே போன் பண்ணிச் சொல்ல ஆள் வைத்துவிட்டு, பையனின் அருளும் உணர்வும் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எதிர்பார்க்கிறோம்? தெரிவதற்கு வழியில்லாதபோது சென்ட்டையும் சம்பளத்தையும்தான் எண்ணுவாள். பையனும் அதே மாதிரிதான், போட்டோவில் நிறத்தைப் பார்ப்பான்.

பழகித் தெரிந்துகொண்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகே, சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஒரு ஜோடியைப் பட்டப்பகலில் வெட்டியதை நாடே கேமராப் பதிவில் பார்த்தது. இதே ஊர்களில், முப்பத்தைந்து தாண்டிய பையனுக்குத் தரகர் மூலம் பாலக்காட்டுப் பக்கமிருந்து பெண் கொண்டுவருகிறார்கள். அப்போது கூட்டம், குலதெய்வம், நட்சத்திரம் என்ற கேள்விகளெல்லாம் எப்படியோ சுருங்கிவிடுகின்றன. மலை தாண்டி, பாஷை தாண்டிப் போகிறவர்களுக்கு என் கம்ப்யூட்டரில் பக்கத்து ஃபோல்டரைத் திறக்க மட்டும் கை வராது.

பழக விடுகிற காலம் ஒன்று நம்மிடமும் இருக்கிறது, தப்பான இடத்தில் இருக்கிறது. உப்புச் சர்க்கரை வாங்கி, நிச்சயம் முடிந்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகு, முகூர்த்தம் வரைக்கும் சில மாசம் இருவரும் போனில் பேசலாம், தப்பில்லை. விடிய விடியப் பேசுகிறார்கள். ஈர்ப்பு என்பது அங்கேதான் பிறக்கிறது, சில சமயம் அங்கேயே சாகவும் செய்கிறது. செத்தால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ளும் நேரத்தை முடிவுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்த அந்தப் புண்ணியவான் யாரோ. நிச்சயம் நின்றுபோனது என்றால் ஊர் முழுக்க இழவு விழுந்த மாதிரி பேசுவார்கள். எனக்கென்னவோ அவற்றில் பாதியாவது நல்லபடியாக நடந்து முடிந்த காரியம் என்றுதான் படும்.

ஒரு தை மாசம், பத்திரிகை அச்சாகிக் கட்டிக் கிடந்தது, எடுத்துப்போக வரவேண்டிய அன்றைக்குப் பெண்ணின் அப்பா மட்டும் வந்தார். கல்யாணம் இல்லை என்றார். பையன் தினமும் சாயங்காலம் வீடியோ கால் போட்டு, அவள் எங்கே இருக்கிறாள், பக்கத்தில் யார் என்று செல்போனை நாலா பக்கமும் சுற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறான். இரண்டு மாசம் காட்டியிருக்கிறாள். அப்புறம் மாட்டேன் என்றிருக்கிறாள். "நல்ல ஜாதகமுங்க. பத்துப் பொருத்தமும் இருந்துச்சு. கோயமுத்தூர்ல ரண்டு வீடு" என்று அவர் சொன்னார். மீதிப் பணத்தைக் குறைக்கச் சொல்லாமல் எண்ணிக் கொடுத்தார். கட்டுகளை என்ன செய்யட்டும் என்றேன், கிழித்துப் போட்டுவிடச் சொன்னார். பிறகு மகளின் பழைய பயோடேட்டா இருந்தால் பத்துக் காப்பி வேண்டும் என்றார்.

ஃபைலைத் திறந்தேன். கடைசி வரியில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"கார்ங்கறதை மட்டும் எடுத்துருங்க. இனி அவ்வளவு கேக்க முடியாதில்லீங்."